மெக்சிகோவின் சோரிசோ வகைகள்: ருசித்தவர்கள் வழி சொல்லுங்கள்

நண்பர்களே, வேலைக்காக மெக்சிகோ சிட்டிக்கு வந்திருக்கிறேன். இங்குள்ள சோரிசோவை (மசாலா சேர்த்த பன்றி இறைச்சி சாசேஜ்) ஊர் ஊராகத் தேடிச் சாப்பிட ஆசை. ஸ்பெயினில் அதை உலர்த்திப் பதப்படுத்தி, அப்படியே துண்டு போட்டுச் சாப்பிடுவார்கள். இங்கே பெரும்பாலும் பச்சை இறைச்சிதான். காய்ந்த மிளகாயும் வினிகரும் சேர்த்து அரைத்திருப்பார்கள், தோலை உரித்து உதிர்த்து வதக்கினால் சிவப்பு எண்ணெய் கசிந்து கடாய் முழுக்கப் பரவும். உருளைக்கிழங்கோடு சேர்ந்தால் அபார ருசி!

அடுத்து டொலூகா போகிறேன். அந்த ஊரின் பச்சை நிறச் சோரிசோவில் கொத்தமல்லி, பச்சை மிளகாய், சில இடங்களில் பூசணி விதையும் சேர்க்கிறார்கள். ஆனால் நிறமி கலந்து பச்சையாக்கி விற்பதும் உண்டு. தழையால் வந்த பச்சையா, நிறமியா என்று சந்தையில் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா?

அப்புறம் யுகடான் பக்கம் வயாடோலிட் ஊரின் லொங்கனீசா. சிவப்பு நிறம் தரும் அச்சியோட்டே விதை சேர்த்துப் புகை போட்ட, மெல்லிய நீள வகை. அதை வாங்கி நாள் முழுக்கப் பேருந்தில் எடுத்துப் போனால் கெடாமல் இருக்குமா? இல்லை, அங்கேயே கரியில் சுட்டுச் சாப்பிடுவதுதான் சரியா?

வஹாகாவில் சோரிசோவைக் குட்டிக் குட்டி உருண்டைகளாகக் கட்டி, சரம் சரமாகத் தொங்கவிடுவார்கள். அதற்கு எந்தச் சந்தை நல்லது? சியாபாஸ் பக்கம் போனவர்கள் இருந்தால் அங்குள்ள வகைகளையும் சொல்லுங்கள். பன்றி சாப்பிடாத நண்பர் ஒருவரும் கூட வருகிறார், அவருக்கு மாட்டிறைச்சியிலோ கோழியிலோ செய்தது எங்கே கிடைக்கும்?