சாஃப்ட் பிளாஸ்டிக்கில் சியாக்காப் (கொடுவா மீன்) கடிக்கவே இல்லை, எந்த நிறம் வாங்கலாம்? (அவசரம்)

குட்டிக்கொடுவா:
வணக்கம். சனிக்கிழமை போகிறோம், சீக்கிரம் சொல்லுங்கள். டிரவுட் மீனுக்குப் பிரமாதம் என்று வீடியோவில் பார்த்து வால் ஆடுகிற சாஃப்ட் பிளாஸ்டிக் போலி இரை வாங்கினேன். ஒரு கடிகூட இல்லை. எந்த நிறம் மாற்றலாம்?

ஜெட்டிராஜா:
எங்கே போடுகிறீர்கள்? கரையா, படகா? ஜிக் ஹெட் (எடை வைத்த தூண்டில் முள்) எத்தனை கிராம்? நேரம், தண்ணீர் ஏற்றமா வற்றமா? ஒன்றும் சொல்லாமல் நிறம் மட்டும் கேட்டால் எப்படி?

மாவுங் பையன்:
கலங்கல் தண்ணீரா? கறுப்பு, இல்லாவிட்டால் பளிச்சென்ற மஞ்சள் கலந்த பச்சை. தெளிவாக இருந்தால் நெத்திலி நிறம். வேறு எதையும் யோசிக்காதீங்க.

பழைய தூண்டில்:
தம்பி, வீடியோ பார்க்கும் முன் மீனைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் மெக்சிகோ வளைகுடா ஓரம் பிடிக்கிறார்களே, டிரவுட் என்கிற அந்தப் புள்ளி மீன் டிரவுட்டே கிடையாது, நம் கெலாமா (கத்தாழை மீன்) குடும்பம். வாய் மெல்லிசு, வலித்து இழுத்தால் கிழிந்துவிடும். அதுவும் புல் முளைத்த ஆழமில்லாத தண்ணீர். அங்கே மூன்றரை கிராம் ஜிக் ஹெட்டும் இளகிய தூண்டில் மட்டையும் போதும். சியாக்காப் வாய் அப்படியா? செவுள் மூடியில் விரலை வைத்துப் பாருங்கள், பிளேடு. வருடா வருடம் இதே கேள்வியோடு ஒருவர் வந்துவிடுகிறார்.

குட்டிக்கொடுவா:
பினாங்குத் தீவில் பாலேக் பூலாவ் பக்கம், கோலா சுங்கை பினாங். கரையிலிருந்துதான். ஜிக் ஹெட் பாக்கெட்டோடு வந்தது, எடை தெரியாது. இன்னொன்று, பாதி பிளாஸ்டிக்குக்கு வால் பிறை மாதிரி வெட்டுப்பட்டு வருகிறது. போலிச் சரக்கா?

ஜெட்டிராஜா:
அதுதானய்யா கடி! பேத்தை மீன் வாலை நறுக்கிவிட்டுப் போகிறது. ஒரு கடிகூட இல்லை என்றீர்களே 😄

குட்டிக்கொடுவா:
அப்போ பேத்தைக்கு எந்த நிறம் பிடிக்காது?

சாரல்77:
இந்தப் பிளாஸ்டிக் தொல்லையே வேண்டாம். உயிர் இறாலைக் கோர்த்துப் போடுங்கள், அரை மணியில் தெரிந்துவிடும்.

மாவுங் பையன்:
உயிர் இறால் போட்டால் பேத்தைக்குத்தான் விருந்து. கெளுத்தியும் சேர்ந்து வரும். விற்கிற விலைக்கு இறாலை நாமே சம்பால் வைத்துச் சாப்பிடலாம்.

சாரல்77:
பிளாஸ்டிக் மட்டும் சும்மாவா தருகிறான்? வால் போன பாக்கெட்டுக்குக் கணக்கு போடுங்க பார்ப்போம்.

மாவுங் பையன்:
வால் போனதை அரை அங்குலம் நறுக்கி மறுபடி மாட்டலாம். செத்த இறாலை என்ன செய்வீங்க?

பழைய தூண்டில்:
இந்த உரையாடல் இழையை உழவர் சந்தை ஆக்காதீர்கள்.

ஜெட்டிராஜா:
தம்பி, இறால் சண்டையை விடுங்க. நிறம் கடைசி விஷயம், எடைதான் முதல். முகத்துவாரத்தில் கடல் வாங்கும்போது சேற்றுக்காட்டுக்குள் இருந்த சின்ன மீனும் இறாலும் வெளியே அடித்துக்கொண்டு வரும். சியாக்காப் வாய்க்கால் ஓரத்தில் அதற்காகவே காத்திருக்கும். அந்த ஓட்டத்தில் மூன்றரை கிராம் தரையைத் தொடவே தொடாது. 7 கிராமில் தொடங்கி 10 வரை போங்க. வீசியதும் நூலைப் பாருங்கள்: இறுக்கமாக ஓடிக்கொண்டிருந்தது சட்டென்று தொய்ந்தால் தரை தட்டிவிட்டது. தொய்யவே இல்லையென்றால் எடையைக் கூட்டுங்க. அப்புறம் மட்டை நுனியால் இரண்டு தட்டு, விட்டுவிடுங்கள். விழும்போதுதான் அடிக்கும். லீடர் (முள்ளுக்கு முன் கட்டும் தடித்த நூல்) 30 பவுண்டு தாங்குவதற்குக் குறைய வேண்டாம். பௌர்ணமி, அமாவாசையில் ஓட்டம் வேகம், தண்ணீரும் கலங்கும். அஷ்டமி தாண்டி இரண்டு நாளில் போனால் உங்களுக்கு எளிது.

பழைய தூண்டில்:
ராஜா சொன்னது சரிதான், ஒன்று விட்டுவிட்டார். பேத்தை அதிகமுள்ள இடத்துக்கு ரப்பர் மாதிரி இழுபடும் வகை பிளாஸ்டிக் வாங்குங்கள், லேசில் அறுபடாது. ஆனால் சாதாரணப் பிளாஸ்டிக்கோடு ஒரே டப்பாவில் போடக் கூடாது. இரண்டும் ஒன்றையொன்று உருக்கி, திறந்தால் பிசினாக ஒட்டிக்கிடக்கும். வந்த பாக்கெட்டிலேயே இருக்கட்டும்.

மாவுங் பையன்:
இதுதான் உருப்படியான பதில். கொஞ்சம் மரியாதையாகவும் சொல்லலாமே அண்ணே.

பழைய தூண்டில்:
மரியாதையாகத்தான் சொன்னேன்.

குட்டிக்கொடுவா:
10 கிராம் போட்டேன், தரை தட்டுகிறது. ஒரு சியாக்காப் வந்தது, சின்னது, விட்டுவிட்டேன். நன்றி.

சாரல்77:
எந்த இடத்தில் நின்றீங்க? தண்ணீர் வாங்கும்போதா?

ஜெட்டிராஜா:
இடத்தைப் பொதுவில் போடாதீங்க தம்பி. அடுத்த வாரம் நிற்க இடமிருக்காது.