வைஃபை பெயர் ஒன்றுதான், ஆனாலும் கைப்பேசியின் பட்டியலில் மடிக்கணினி தோன்றவில்லை

கேள்வி: சிப்புட்வாசி (சுங்கை சிப்புட், பேராக்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்துக் கோயில் நிர்வாகக் குழுவின் கணக்கு வழக்குகளை நான் பார்த்து வருகிறேன். ரசீதுகளைக் கைப்பேசியில் படம் பிடித்து, கேடிஇ கனெக்ட் செயலியின் வழி மடிக்கணினிக்கு அனுப்பிக் கோப்பில் சேர்ப்பது வழக்கம். கைப்பேசி ஆண்ட்ராய்டு, மடிக்கணினியில் விண்டோஸ் 11. சென்ற மாதம் வரை தடையின்றி நடந்து வந்த வேலை இப்போது நின்றுவிட்டது. கைப்பேசியின் பட்டியலில் மடிக்கணினியின் பெயரே வருவதில்லை.

எங்களுடையது 20க்கு 70 அடி தாமான் வீடு. இணைய நிறுவனம் கொடுத்த ரூட்டர் முன்கூடத்தில் இருக்கிறது. இரண்டு செங்கல் சுவர்களைத் தாண்டி அதன் வைஃபை பின்னறைக்குச் சரியாக எட்டாது. பின்னறையில் இருந்த ரிப்பீட்டர் ஒரு பிற்பகல் இடிமழையில் எரிந்து போனதால், கடையில் புதிய ரூட்டர் ஒன்றை வாங்கி, கூரைக்குள் கம்பி இழுத்து, அங்கே பொருத்தினோம். வீட்டில் உள்ளவர்களுக்குக் குழப்பம் வேண்டாம் என்று இரண்டு ரூட்டர்களுக்கும் ஒரே வைஃபை பெயரையும் ஒரே கடவுச்சொல்லையும் வைத்திருக்கிறோம்.

என்னைக் குழப்புவது இதுதான்: இணையம் இரண்டு பக்கமும் நன்றாக வருகிறது. பின்னறை மடிக்கணினியிலிருந்து கூடத்துப் பிரிண்டருக்குக் கொடுத்தால் அச்சும் ஆகிறது. எனவே நெட்வொர்க் ஒன்றுதான் என்று கொள்ளலாம் அல்லவா? கைப்பேசியைப் பின்னறைக்குக் கொண்டு போனால் சில வேளை மடிக்கணினி தெரிகிறது, சில வேளை தெரிவதில்லை. வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் விண்டோஸ் ஃபயர்வாலைச் சற்று நேரம் அணைத்துப் பார்த்தும் மாற்றமில்லை.

மறுமொழி 1: கம்பிக்காரர் (ஈப்போ)

வணக்கம் ஐயா. முதலில் ஃபயர்வாலைத் திரும்பப் போட்டுவிடுங்கள். அதற்கும் இதற்கும் இப்போதைக்குத் தொடர்பில்லை என்றே நினைக்கிறேன். கைப்பேசியின் வைஃபை விவரத்தையும் மடிக்கணினியின் நெட்வொர்க் விவரத்தையும் திறந்து, இரண்டின் ஐபி முகவரிகளையும் (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் உரிய எண்) எழுதுங்கள். கைப்பேசி கூடத்தில் இருக்கும்போது பார்ப்பது முக்கியம். வைஃபை பெயர் என்பது வெறும் பெயர்ப்பலகைதான். இரண்டு கருவிகள் ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றனவா என்பதை முகவரிதான் சொல்லும்.

சிப்புட்வாசி

நன்றி. கைப்பேசி 192.168.1.14, மடிக்கணினி 192.168.0.102. பிரிண்டரின் முகவரி 192.168.1.30.

கம்பிக்காரர்

எதிர்பார்த்தது போலவே இருக்கிறது. உங்கள் வீட்டில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு நெட்வொர்க்குகள் ஓடுகின்றன. கூடத்து ரூட்டர் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளையும், பின்னறை ரூட்டர் 192.168.0 என்று தொடங்கும் முகவரிகளையும் வழங்குகின்றன. முன்பிருந்த ரிப்பீட்டர் தானாக முகவரி எதையும் வழங்காமல் கூடத்து வைஃபையையே நீட்டித்துக் கொடுத்திருக்கும். அதனால்தான் அப்போது சிக்கல் எழவில்லை.

கேடிஇ கனெக்ட் மற்றக் கருவிகளைத் தேடும் விதத்தைப் பாருங்கள். நெட்வொர்க்கில் உள்ள எல்லாருக்கும் பொதுவாக, யூடிபி 1716ஆம் போர்ட்டில் (தரவு வந்து போகும் எண்ணிட்ட வாசலில்), “நான் இங்கே இருக்கிறேன்” என்று கூவுகிறது. அதைக் கேட்ட கருவி திரும்ப வந்து இணைப்பு ஏற்படுத்துகிறது. இந்தப் பொது அழைப்பை எந்த ரூட்டரும் ஒரு நெட்வொர்க்கிலிருந்து அடுத்த நெட்வொர்க்குக்குக் கடத்தாது. கடத்தாமல் இருப்பதுதான் சரியான நடத்தை. ஆகவே கூடத்தில் கைப்பேசி எழுப்பும் அழைப்பு பின்னறை ரூட்டரின் வாசலோடு நின்றுவிடுகிறது.

அப்படியானால் அச்சு மட்டும் எப்படிப் போகிறது என்று கேட்டீர்கள். பிரிண்டரை மடிக்கணினி தேடவில்லை. அதன் முகவரி முன்பே பதிந்திருப்பதால் நேராக அங்கே போகிறது. பின்னறை ரூட்டருக்குக் கூடத்து நெட்வொர்க் என்பதும் ‘வெளி’தான், உள்ளிருந்து வெளியே போகும் இணைப்பையும் அதற்கு வரும் பதிலையும் அது விடும், வெளியிலிருந்து புதிதாக வரும் இணைப்பை விடாது. எனவே மடிக்கணினி பிரிண்டரை எட்டும். கைப்பேசியால் மடிக்கணினியை எட்ட முடியாது. தேடிக் கண்டுபிடிப்பது ஒரு வேலை, முகவரி தெரிந்து போய்ச் சேர்வது இன்னொரு வேலை. ஒன்று நடப்பதால் மற்றதும் நடக்கும் என்று எண்ணுவதில்தான் இவ்வகைச் சிக்கல்கள் நீள்கின்றன.

பின்னறையில் சில வேளை தெரிவதற்கும் காரணம் உண்டு. பெயர் ஒன்றாக இருப்பதால் கைப்பேசி கூடத்து ரூட்டரை விடாமல் பிடித்துக்கொண்டே உள்ளே வருகிறது. அந்த அலை மிகவும் நலிந்த பிறகே பின்னறை ரூட்டருக்கு மாறுகிறது. மாறினால் தெரியும், மாறாவிட்டால் தெரியாது.

மறுமொழி 2: செம்பனை (தெலுக் இந்தான்)

இத்தனை பாடு எதற்கு? மெஷ் செட் (சேர்ந்து ஒரே வைஃபையைப் பரப்பும் கருவிகளின் தொகுப்பு) ஒன்றை வாங்கி வைத்துவிட்டால் வீடு முழுதும் ஒரே வைஃபை ஆகிவிடும். நான் அப்படித்தான் செய்தேன்.

கம்பிக்காரர்

மெஷ் நல்ல பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் அதையும் இணைய நிறுவனத்தின் ரூட்டருக்குப் பின்னால் ரூட்டர் முறையிலேயே மாட்டினால், கூடத்து ரூட்டரில் தங்கிவிட்ட பிரிண்டருக்கும் மெஷ்ஷில் உள்ள கருவிகளுக்கும் இடையே இதே சுவர் எழும்பும். கையில் நல்ல ரூட்டர் இருக்கும்போது சில நூறு ரிங்கிட் செலவழிக்கத் தேவையில்லை.

சிப்புட்வாசி ஐயா, பின்னறை ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் ‘அக்சஸ் பாயிண்ட் மோட்’ என்ற தேர்வு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தால் போதும்; ரூட்டர் மீண்டும் எழுந்ததும் முகவரி வழங்கும் பொறுப்பு முழுவதும் கூடத்து ரூட்டருக்கே போய்விடும். அந்தத் தேர்வு இல்லாவிட்டால், பின்னறை ரூட்டரின் சொந்த முகவரியைக் கூடத்து ரூட்டர் மற்றக் கருவிகளுக்கு வழங்காத ஓர் எண்ணுக்கு, எடுத்துக்காட்டாக 192.168.1.2க்கு, மாற்றுங்கள், முகவரி வழங்கும் அதன் டிஎச்சிபி வசதியை அணையுங்கள், கூடத்திலிருந்து வரும் கம்பியை வெளி இணைப்புக்கான ‘வான்’ துளையிலிருந்து பிடுங்கி வீட்டுக் கருவிகளுக்கான ‘லான்’ துளைகளில் ஒன்றில் செருகுங்கள். பிறகு மடிக்கணினியிலும் கைப்பேசியிலும் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டால் புதிய முகவரி கிடைக்கும்.

கூரைக்குள் ஓடும் நீளக் கம்பியைப் பற்றியும் ஒரு சொல்: இடி நெருங்கும்போது மின்பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, அந்தக் கம்பியையும் பிடுங்கிவிடுங்கள். நம் பக்கத்து இடி உள்ளே நுழைய அதுவும் ஒரு வழி.

சிப்புட்வாசி

அக்சஸ் பாயிண்ட் தேர்வு இருந்தது, மாற்றிவிட்டேன். மடிக்கணினிக்கு இப்போது 192.168.1.22 கிடைத்திருக்கிறது. ஆனாலும் கைப்பேசியில் அது இன்னும் தெரியவில்லை. ஃபயர்வால் போட்டபடியேதான் இருக்கிறது.

மறுமொழி 3: மாலைநேரப் பணியாளர் (கூலிம்)

ஐயா, ஃபயர்வாலின் முறை இப்போதுதான் வருகிறது. மடிக்கணினி முன்பு பின்னறை ரூட்டரின் வழி வெளியேறியது. இப்போது கூடத்து ரூட்டரின் வழி வெளியேறுகிறது. பெயர் அதுவேயானாலும் விண்டோஸ் இதைப் புதிய நெட்வொர்க் என்று எடுத்துக்கொண்டு, ‘பப்ளிக்’ என்ற வகையில் போட்டிருக்கக்கூடும். விமான நிலையத்து வைஃபைக்குரிய எச்சரிக்கையை உங்கள் வீட்டிலும் காட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். செட்டிங்ஸ், நெட்வொர்க், வைஃபை, அந்த வைஃபையின் ப்ராபர்ட்டீஸ் என்று போய் ‘பிரைவேட்’ என்று மாற்றுங்கள். அதன் பிறகும் தெரியாவிட்டால், ஃபயர்வாலின் அனுமதிப் பட்டியலில் கேடிஇ கனெக்டுக்கு நேராகப் பிரைவேட் கட்டத்தில் குறி இருக்கிறதா என்று பாருங்கள். 1714 முதல் 1764 வரையுள்ள போர்ட்டுகளை அது பயன்படுத்தும்.

கைப்பேசியில் விபிஎன் (இணையப் போக்குவரத்தை வேறொரு வழங்கியின் வழி செலுத்தும் செயலி) ஏதேனும் ஓடினால் அதையும் நிறுத்திவிட்டுச் சோதியுங்கள். சில விபிஎன்கள் வீட்டுக்குள் போகவேண்டியதையும் வெளியே அனுப்பிவிடும்.

சிப்புட்வாசி

பப்ளிக் என்றுதான் இருந்தது. மாற்றியவுடன் மடிக்கணினியின் பெயர் பட்டியலில் வந்துவிட்டது; ரசீதுகளும் போய்ச் சேர்ந்தன. மிக்க நன்றி. இன்னும் ஒரு குறை மட்டும் இருக்கிறது: கைப்பேசியின் திரையை அணைத்துச் சற்று நேரம் வைத்தால் மடிக்கணினியில் இணைப்பு அறுந்ததாகக் காட்டுகிறது.

செம்பனை

அது ஐஜிஎம்பி ஸ்னூப்பிங், அதாவது குழு அழைப்புகளை அவற்றைக் கேட்கும் கருவிகளுக்கு மட்டும் அனுப்பும் ரூட்டர் வசதி. ரூட்டரில் அணைத்துவிடுங்கள்.

கம்பிக்காரர்

ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் கெடுப்பது மல்டிகாஸ்ட் எனும் குழு அழைப்புகளை, அதாவது கருவிகள் ஒன்றையொன்று தேடப் பயன்படுத்தும் எம்டிஎன்எஸ், எஸ்எஸ்டிபி போன்றவற்றை. தொலைக்காட்சியோ பிரிண்டரோ சில நிமிடம் தெரிந்துவிட்டுப் பிறகு பட்டியலிலிருந்து மறைந்தால் அதைச் சந்தேகிக்கலாம். இங்கே இணைப்பு ஏற்கெனவே ஏற்பட்டுவிட்டது. ஏற்பட்ட இணைப்பை ஸ்னூப்பிங் அறுக்காது. அறுவது திரை அணைந்த பிறகுதான் என்பதால், இது கைப்பேசியின் மின்கலச் சேமிப்பாகவே இருக்க வேண்டும். செயலியின் விவரப் பக்கத்தில் பேட்டரி என்பதைத் திறந்து ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ என்று மாற்றுங்கள், ஐயா.

சிப்புட்வாசி

மாற்றினேன், இப்போது அறுவதில்லை. கடைசியாக ஒன்று: கோயில் அலுவலகத்தில் விருந்தினர் வைஃபை மட்டுமே இருக்கிறது. அங்கே இரண்டு கருவிகளும் 192.168.10 என்றே தொடங்குகின்றன. ஆனாலும் ஒன்றையொன்று காணவில்லை.

மாலைநேரப் பணியாளர்

விருந்தினர் வைஃபையில் பெரும்பாலும் ‘ஐசோலேஷன்’ போட்டிருப்பார்கள். ஒருவர் கருவியை இன்னொருவர் எட்டக்கூடாது என்பதற்காக. பலர் வந்து போகும் இடத்தில் அது இருப்பதே நல்லது, எடுக்கச் சொல்லாதீர்கள். கைப்பேசியில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு மடிக்கணினியை அதில் இணையுங்கள். கோப்பு இரண்டுக்கும் இடையே நேராகப் போகும் என்பதால், ரசீதுகளை அனுப்புவதற்கு உங்கள் டேட்டா செலவாகாது. ஆனால் அந்த நேரத்தில் விண்டோஸ் தானாக அப்டேட் இறக்கத் தொடங்கிவிடாமல் இருக்க, ஹாட்ஸ்பாட் இணைப்பை ‘மீட்டர்ட்’ (டேட்டா அளவு பார்த்துப் பயன்படுத்த வேண்டிய இணைப்பு) என்று குறித்து வையுங்கள். அதையும் புதிய நெட்வொர்க் என்று விண்டோஸ் கேட்டால் பிரைவேட் என்றே கொடுங்கள்.