சிவாலய ஓட்டம்: காலுக்கு எண்ணெயா, துவர்த்தா (துண்டா)?

தக்கலைப் பையன்:
சென்ற சிவராத்திரிக்கு முதல்முறையாகச் சிவாலய ஓட்டம் போனேன். குமரி மாவட்டத்தில் முன்சிறை திருமலையில் தொடங்கி நட்டாலம் வரை பன்னிரண்டு சிவன் கோயில்களை, ஆங்காங்கே குளித்து, வெறுங்காலில் ஓடியே தொழும் நேர்ச்சை அது. ஐந்தாவதான பொன்மனையிலேயே என் கதை முடிந்துவிட்டது. இடது பெருவிரலுக்குக் கீழே ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம். மிச்சம் ஏழு கோயில்களுக்கும் சித்தப்பாவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன். கையில் விசிறி, வாயில் ‘கோபாலா’ முழக்கம், மனதில் வெட்கம். இந்த முறை ஓடியே முடிக்க வேண்டும். வெறுங்கால்தான். என்ன செய்யலாம்?

குலசேகரம் அண்ணாச்சி:
தம்பி, பதினாறு வருடமாக ஓடுகிறேன். இரண்டு மாதத்துக்கு முன்பே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு தினமும் நட. முதலில் ரப்பர் தோட்டம், பிறகு தார்ச்சாலை. ஓட்டத்தன்று கோயிலுக்குக் கோயில் உள்ளங்காலில் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொள். வேறு ஒன்றும் வேண்டாம்.

சொத்தவிளை ஓட்டக்காரன்:
நடந்து பழகுவது சரி, எண்ணெய் சரியில்லை. மேல்தோல் தரையைப் பிடித்துக்கொண்டு நிற்கும், உள்ளே எலும்பு முன்னே நகரும். நடுவில் அகப்பட்ட தோலடுக்கு ஆயிரக்கணக்கான முறை இழுபட்டுக் கிழிகிறது, அந்தப் பிளவில் நீர் கோக்கிறது. அதுதான் கொப்புளம். ஈரத்தோல் தரையை இன்னும் இறுகப் பிடிக்கும். திக்குறிச்சியில் ஆறு, திற்பரப்பில் ஆறு, கல்குளத்தில் குளம் என்று முங்கிவிட்டு நேரே சாலையில் இறங்கினால் வராமல் என்ன செய்யும்? வாசலின் போன்ற வழுக்குப் பொருள்கள் முதல் ஒரு மணி நேரம் உராய்வைக் குறைக்கும். சில மணி நேரம் கழிந்தால் பழையதைவிடக் கூட்டிவிடும். இது அளந்து பார்த்த விஷயம்.

குலசேகரம் அண்ணாச்சி:
அளந்தவர் இரவு இரண்டு மணிக்குத் திற்பரப்பு ஏற்றத்தில் வெறுங்காலோடு ஓடினாரா? எண்ணெய் பூசாத என் தம்பிக்குக் கொப்புளம் வந்தது, எனக்கு வரவில்லை. இதற்கு மேல் என்ன ஆய்வு?

சொத்தவிளை ஓட்டக்காரன்:
உங்கள் தம்பி வருடம் முழுக்கச் செருப்போடு நடப்பவரா, அண்ணாச்சி? அதைச் சொல்லுங்கள் முதலில்.

குலசேகரம் அண்ணாச்சி:
அவன் வங்கியில் வேலை பார்க்கிறான்.

சொத்தவிளை ஓட்டக்காரன்:
அவ்வளவுதான். காத்தது உங்கள் காலின் காய்ப்பு. பெயர் வாங்கியது எண்ணெய்.

வேளிமலை அடியார்:
நேர்ச்சை என்று ஓடுகிறோம், சொகுசுக்கு வழி தேடுகிறோம். கால் நோகாத ஓட்டம் என்ன ஓட்டம்?

மார்த்தாண்டத்துச் செவிலி:
குளித்த பிறகு காலைத் துடைக்கக் கூடாது என்று எந்தச் சிவன் சொன்னார், ஐயா? சிவராத்திரி கழிந்த மறுநாள் கொப்புளக் கால்களைப் பார்க்கிறவள் நான். பாதிப் பேருக்குக் கொப்புளத்தால் வந்த கேடு குறைவு, அதை உரித்ததால் வந்தது அதிகம். வழியில் யாரோ அன்போடு தோலைப் பிய்த்து மஞ்சள்தூள் வைத்துவிடுகிறார்கள். தோல்தான் இயற்கை போட்ட கட்டு, தம்பி. சிறிதாக இருந்தால் தொடாதே. வலித்தால் ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடியவிட்டு, தோலை அப்படியே விட்டு மூடு. ரத்தமோ சீழோ தெரிந்தால் ஊசியை எடுக்காதே, மருத்துவரிடம் போ.

கொப்புளம் வராமலிருக்கக் காலில் ஒட்டும் காகித டேப் பற்றியும் கேட்பாய். பல நாள் நெடுந்தூரம் ஓடியவர்களிடம் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் செய்த ஆய்வு 2016-இல் வந்தது. டேப் ஒட்டிய இடங்களில் கொப்புளம் 40 சதவீதம் குறைந்தது. ஆனால் அவர்கள் ஷூ அணிந்தவர்கள். வெறும் உள்ளங்காலில் ஒட்டினால் முதல் ஆற்றிலேயே போய்விடும்.

மறுநாள் பகலில் தார் கொதிக்கும்போது வருவது வேறு. அது சூட்டுக் காயம். எண்ணெயும் உதவாது, துடைப்பதும் உதவாது. சாலையோர மண்ணில் இறங்கி நட. சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெறுங்காலில் ஓடவே வேண்டாம். கால் மரத்திருந்தால் புண் வந்ததே தெரியாது.

வேளிமலை அடியார்:
இந்த ஓட்டத்துக்குச் சொல்லும் கதையில், பாதி மனிதன் பாதி விலங்கான புருஷாமிருகம் துரத்த ஓடிய பீமன் துவர்த்து கொண்டா போனான்?

மார்த்தாண்டத்துச் செவிலி:
அவனுக்கு நேரமில்லை. தம்பிக்கு இருக்கிறது.

தக்கலைப் பையன்:
அக்கா, ஈர வேட்டியோடுதானே கோயிலுக்குள் போக வேண்டும்? எப்போது துடைப்பது?

மார்த்தாண்டத்துச் செவிலி:
தொழுதுவிட்டு வெளியே வந்ததும், சாலையில் இறங்கும் முன். விரலிடுக்கை மறக்காதே. ஈர வேட்டி நுனி காலில் சொட்டாமல் மடித்துக் கட்டு.

குலசேகரம் அண்ணாச்சி:
ஒரு துவர்த்து திற்பரப்பு தாண்டாது, நனைந்து கனத்துவிடும். மூன்று எடுத்துக்கொள்; பின்னால் வருகிற சித்தப்பாவின் பைக்கில் வை. குதிகால் வெடிப்புக்கு மட்டும் முந்தின வாரம் முழுக்க இரவில் எண்ணெய் போடு. அதை யாரும் தடுக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

சொத்தவிளை ஓட்டக்காரன்:
முந்தின வாரம் என்றால் ஆட்சேபணை இல்லை.