நாலாம் வகுப்புப் பிள்ளைகளுடன் வேடந்தாங்கல்: என்ன செய்ய வைப்பது?

நாலாப்பு டீச்சர்:
ஜனவரியில் 38 பிள்ளைகளைத் தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் வேடந்தாங்கலுக்குக் கூட்டிப் போகிறேன். போன வருஷம் வேறொரு இடத்துக்குப் போனபோது 20 பறவைப் பெயர் அச்சடித்த தாளைக் கொடுத்தோம், ஒருத்தரும் மரத்தைப் பார்க்கவில்லை, பக்கத்துப் பிள்ளையின் தாளைப் பார்த்து டிக் போட்டதுதான் மிச்சம். இந்தத் தடவை என்ன செய்யலாம்?

ஏரிக்கரை:
தாளை விட்டுத்தள்ளுங்கள். ஒரே ஒரு பறவை, பத்து நிமிஷம், அவ்வளவுதான். நத்தைக்குத்தி நாரையை எடுத்துக்கொள்ளுங்கள், அலகை மூடினாலும் நடுவில் பாக்குவெட்டி மாதிரி சந்து தெரியும், நத்தையைப் பிடித்து ஓட்டை விட்டுச் சதையை மட்டும் உருவிவிடும். குஞ்சுக்கு அந்தச் சந்து இருக்காது, வளர வளரத்தான் வரும். இதைச் சொல்லிவிடாதீர்கள், அம்மாவுக்கும் பிள்ளைக்கும் என்ன வித்தியாசம் என்று மட்டும் கேளுங்கள்.

அப்புறம், கிளம்பும் முன் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரியுங்கள். மழை பொய்த்த வருஷம் போய்ப் பிரயோஜனமில்லை.

ரெண்டு வாலுகளின் அப்பா:
பைனாகுலர் வாங்கிக் கொடுக்காதீர்கள், சண்டைதான் வரும். சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டு கண்ணுக்கும் இடைவெளி குறைவு, பல பைனாகுலர்கள் அவ்வளவு குறுகாது, பாதி இருட்டாகத் தெரியும், ஆனாலும் "பார்த்துட்டேன் மிஸ்" என்பார்கள். ஸ்டாண்டு வைத்த டெலஸ்கோப் ஒன்று இரவல் கிடைத்தால் அவர்கள் உயரத்துக்கு இறக்கி வையுங்கள். பத்துப் பத்துப் பேராக விடுங்கள்.

மதுராந்தகத்துக்காரன்:
"கத்தாதே" என்று அங்கே போய் அதட்டுவதைவிட பஸ்ஸிலேயே ஊர்க்கதையைச் சொல்லுங்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு கலெக்டரிடம் முறையிட்டு 1798-இல் பாதுகாப்பு உத்தரவே வாங்கியிருக்கிறார்கள். பாசம் மட்டுமில்லை, எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம். பறவை மிரளும் என்று தீபாவளிக்கும் வெடிக்காத ஊர் அது. விடிகாலையில் போய்விடுங்கள், உச்சி வெயிலில் பிள்ளைகள் துவண்டுவிடுவார்கள்.

நாலாப்பு டீச்சர்:
குஞ்சு அலகு விஷயம் எனக்கே தெரியாது! தாள் வேண்டாம் என்றதும் எச்.எம். முகம் கொஞ்சம் சுளித்தது, பரவாயில்லை. ஒரே சிக்கல், என் பிள்ளைகளில் பாதிப் பேர் பாக்குவெட்டியையே பார்த்ததில்லை. எங்கள் ஆயாவிடம் ஒன்று இருக்கிறது, பையில் போட்டுக்கொண்டு வருகிறேன்.