பென்சில்வேனியா கேம் லேண்ட்ஸில் (மாநிலத்தின் பொது வேட்டை நிலங்கள்) நடக்கும்போது வேட்டைக்காரர்களை எதிர்கொண்டதுண்டா?

நடைராஜா:
ஸ்டோனி வேலி, கேம் லேண்ட்ஸ் 211, மே மாத விடியல். வான்கோழிப் பெட்டையின் குரல் கேட்டு, படமெடுக்க ஒருத்தர் பாதையை விட்டு இறங்கினார். ஓக் மரத்தடியிலிருந்து "ஸ்டாப்!" என்று ஒரு அதட்டல். முகம்வரை பச்சை வலை, மடியில் ஷாட்கன். கூப்பிட்டது பெட்டையே இல்லை, வான்கோழிச் சேவலை வரவழைக்க அந்த வேட்டைக்காரர்தான். கத்தினாரே தவிர விரலைக்கூட அசைக்கவில்லை. அதுதான் முறை. கையசைத்தால் வேறொரு வேட்டைக்காரர் அதையே சேவல் என்று நினைத்துவிடலாம்.

மலைச்சாரல்:
பாதைக்குப் பக்கத்தில் துப்பாக்கியோடு உட்கார விடுவதே தப்பு. நம் வரிப்பணத்து நிலம்தானே?

பரண்வாசி:
@மலைச்சாரல், இல்லைங்க. 1920இல் எல்க் கவுண்டியில் வாங்கிய முதல் நிலம் தொட்டு, பெரும்பகுதி வேட்டை உரிமக் கட்டணத்தில் வந்தது. 1937 பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி ரைபிள், தோட்டா மீதான 11 சதவீத வரியும் இதற்கு உதவுகிறது. அங்கே நடப்பவர்கள்தான் விருந்தாளிகள்.

நான் பார்த்தது அக்டோபர் வில் சீசனில். அம்பு விட்டவர் பரணிலேயே காத்திருந்தார். வாரில்லாமல் வந்த நாய் புதருக்குள் பாய்ந்து, அடிபட்டுப் படுத்திருந்த மானைக் கிளப்பிவிட்டது. அம்பில் நுரைத்த இளஞ்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல், அரைமணி பொறுத்தால் போதும். பச்சைக் கறையும் நாற்றமும் என்றால் குடல், 8 முதல் 12 மணிநேரம் நெருங்கக்கூடாது. அதற்குள் கிளப்பினால் ரத்தத் தடம் அறுந்து, மான் எங்கோ போய் வீணாகச் சாகும்.

ஆரஞ்சு அண்ணாச்சி:
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நவம்பர் 15 முதல் டிசம்பர் 15 வரை கேம் லேண்ட்ஸில் நடப்பவர்களுக்கும் பளீர் ஆரஞ்சு கட்டாயம். தலை, மார்பு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குலம், எந்தப் பக்கமிருந்தும் தெரியணும். தொப்பியும் வெஸ்டும் போதும். ஆனால் பையை மாட்டியதும் முதுகு மறைந்துவிடும், அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பைக்கும் ஆரஞ்சு உறை போடுங்கள். நாய்க்கும் ஒரு வெஸ்ட். வெளுத்துப்போன துணி பிரயோஜனமில்லை. மானுக்கு ஆரஞ்சு பிரித்துத் தெரியாது, அதனால் வேட்டை கெடாது. இருட்டில் ஆரஞ்சும் தெரியாது, தலைவிளக்கு வேண்டும். வசந்தத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம் தவிர்க்கவும்: வான்கோழிச் சேவல் தலையின் நிறங்கள் அவை.

மலைச்சாரல்:
ஞாயிறு போனால் தொல்லை இல்லையே?

பரண்வாசி:
அது பழைய கணக்கு. 2025இல் ஞாயிறு வேட்டைத் தடையை நீக்கிவிட்டார்கள். அந்த வருட சீசன் அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.