புளி போட்டுத் தேய்த்த கான்ஸ்டன்டைன்

நாணயம் சேகரிக்கும் நீங்கள் எல்லோரும் அவரவர் முதல் ரோமானியக் காசைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். என் முதல் காசு இன்றும் என்னிடம் இருக்கிறது, ஆனால் அதைக் காசு என்று சொல்ல மனம் வரவில்லை. இப்போதுதான் சேகரிக்கத் தொடங்கியிருப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு காசாவது பிழைக்கும் என்றுதான் எழுதுகிறேன்.

லண்டனுக்கு வந்து நான்காம் வருடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாணயச் சந்தையில் தட்டு நிறையப் பழுப்புக் காசுகளைக் கொட்டி வைத்திருந்தார்கள். 18 பவுண்டுக்கு ஒன்று வாங்கினேன். நம் ஒரு ரூபாய்க் காசு அளவுதான், எடை 3 கிராம் இருக்கும். ஒரு பக்கம் ரோமானிய மன்னர் கான்ஸ்டன்டைன் தலை. மறுபக்கம் சூரியக் கடவுள், வலது கையைத் தூக்கி, இடது கையில் உருண்டையோடு நிற்கிறார். சுற்றிலும் 'சோலி இன்விக்டோ கோமிட்டி' என்று எழுத்து. தோல்வியே இல்லாத துணைவனான சூரியனுக்கு என்று அர்த்தம்.

விற்றவர் முதலில் காட்டியது அதையெல்லாம் அல்ல. கடவுளின் காலடியில் ஒரு கோடு, அதற்குக் கீழே பொடியாக மூன்று எழுத்து: பி, எல், என். கடைசி இரண்டும் லண்டினியம், அதாவது லண்டன். 310களில் இதே ஊரில் அடித்த காசு! இங்கே நாணயச்சாலை இருந்ததே நாற்பது வருடம்தான். ரோமை எதிர்த்துப் பிரிட்டனைப் பிடித்துக்கொண்ட கராசியஸ் என்ற தளபதி 280களில் தொடங்கியது, 325 வாக்கில் மூடிவிட்டார்கள். ரயிலில் வரும்போது பையிலிருந்து எத்தனை முறை எடுத்துப் பார்த்தேன் என்று கணக்கே இல்லை.

வீட்டுக்கு வந்ததும், கொஞ்சம் சுத்தம் செய்தால் இன்னும் நன்றாகத் தெரியுமே என்று தோன்றியது. வெள்ளிக்கிழமை தோறும் அம்மா குத்துவிளக்கு தேய்ப்பதைப் பார்த்து வளர்ந்த கை. புளியை ஊறவைத்தேன், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்தேன், கட்டைவிரலால் தேய்த்தேன். பத்து நிமிடத்தில் பச்சையும் பழுப்பும் போய், உரித்த மாதிரி ஒரு இளஞ்சிவப்புச் செம்பு வந்தது. திருப்பிப் பார்த்தால் மன்னருக்கு மூக்கு இல்லை. கோட்டுக்குக் கீழே 'பி' பாதி நின்றது. 'எல்', 'என்' இரண்டும் போய்விட்டன. 1,700 வருடம் மண்ணுக்குள் தாக்குப்பிடித்த எழுத்து.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். பழைய வெண்கலத்தின் மேல் இருக்கும் களிம்பு, வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கு அல்ல. உலோகத்தின் மேல்தோலே மண்ணில் கிடந்து கிடந்து அப்படி மாறியிருக்கிறது. முகம், எழுத்து, முடிக்கற்றை எல்லாம் அந்தத் தோலில்தான் இருக்கும். புளியோ எலுமிச்சையோ வினிகரோ பட்டால் முதலில் கரைவது அதுதான். குத்துவிளக்கு வேறு, இது வேறு.

அதனால் மண் ஒட்டிய காசு வாங்கினால் காய்ச்சி வடித்த நீரில் போடுங்கள், சில நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றுங்கள், வாரக்கணக்கில் காத்திருங்கள். மண் இளகியபின் மரப் பல்குச்சியால் லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டே எடுக்கலாம். கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம். இன்னொன்று: காசில் வெளிர்பச்சையாக, தொட்டால் மாவு மாதிரி உதிரும் புள்ளி தெரிந்தால் அதை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். குளோரைடு உப்பால் வரும் அரிப்பு அது. ஈரக்காற்று பட்டால் காசையே தின்றுவிடும். கெட்டியான, வழவழப்பான பச்சை என்றால் பயப்பட ஒன்றுமில்லை.

அடுத்த அனுபவம் வெள்ளிக் காசில். கோவை, பொள்ளாச்சிப் பக்கம் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் அகஸ்டஸ், திபேரியஸ் என்ற இரண்டு பேரரசர்களுடையவைதான் மிகுதி என்று தெரிந்ததிலிருந்து, திபேரியஸ் அடித்த தெனாரியஸ் (ரோமானிய வெள்ளிக் காசின் பெயர்) ஒன்றாவது வாங்க வேண்டும் என்று ஆசை. இணையத்தில் மலிவாக ஒன்று வந்தது, வாங்கிவிட்டேன். எங்கள் நாணயச் சங்கத்தில் ஒரு பெரியவர் அதைக் கையில் வாங்கியதும் காசின் முகத்தைப் பார்க்கவே இல்லை, நேராக விளிம்பைத்தான் பார்த்தார். சுற்றிவர மெல்லிய கோடு, அதை அரம் போட்டு மறைத்த தடம். தராசில் 3.1 கிராம். நல்ல காசு 3.7 கிராம் அளவில் இருக்க வேண்டும். எழுத்தின் ஓரங்கள் சோப்பில் செதுக்கியது போல மழுங்கியிருந்தன. அச்சில் அடித்தது அல்ல, வார்த்த போலி. பைபிளில் இயேசு வரிக்காசைக் கேட்டு வாங்கிப் பார்ப்பாரே, அது இந்த வகைதான் என்று பலரும் நம்புவதால் இதற்கு எப்போதும் கிராக்கி. போலியும் அதனால்தான் அதிகம்.

கடைசியாக, போன வருடம் ஊருக்குப் போனது. கரூரில் என் சித்தப்பா, "உனக்குப் பிடிச்ச சாமான் ஒருத்தர்கிட்ட இருக்கு, வா" என்று அழைத்துப் போனார். அமராவதி மணலில் பொறுக்கியவை என்று சொல்லி, எவர்சில்வர் டப்பாவைத் திறந்து துண்டில் கொட்டினார் அந்த மனிதர். சுண்டுவிரல் நகம் அளவுச் செம்புக் காசுகள், பெரும்பாலும் தேய்ந்து மொட்டையாகிவிட்டவை. ஒன்றை வெயிலில் சாய்த்துப் பிடித்தேன். ஈட்டியோடு இரண்டு போர்வீரர்கள், நடுவில் படைக்கொடி. கான்ஸ்டன்டைன் குடும்பத்தார் 330களில் அடித்த 'படையின் புகழ்' வகை. இதே வீரர்கள் உள்ள மூன்று காசுகள் லண்டனில் என் தட்டில் கிடக்கின்றன, அப்பன் கான்ஸ்டன்டைனுடையதும் அவருடைய இரண்டு பிள்ளைகளுடையதும். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

"வாங்கிட்டுப் போ கண்ணு, சின்னதுதானே" என்றார் சித்தப்பா. வாங்கவில்லை. நூறு வருடம் தாண்டிய காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், தனி ஆள் யாரும் அதை நாட்டைவிட்டு எடுத்துப்போக முடியாது. அதைவிட, ஆற்றில் எந்த இடத்தில், எதோடு சேர்ந்து கிடைத்தது என்ற விவரம் போய்விட்டால், கரூரில் கிடைத்த காசுக்கும் என் தட்டில் இருப்பதற்கும் என்ன வித்தியாசம்? எடுத்த இடத்தைக் குறித்து வைத்து அருங்காட்சியகத்தில் காட்டும்படி காசு வைத்திருந்தவரிடம் சொன்னேன். இடம் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தேன். படித்துறை, மரம், நீர்மட்டம் என்று படமே வரைந்துவிட்டார். அதை நான்காக மடித்துக் காசுகளோடு டப்பாவில் வைத்து மூடினார்.