நாஷ்வில் பள்ளிகள் பற்றிய பாட்காஸ்ட்: பெற்றோரைக் கூண்டில் ஏற்றுவது நியாயமா?

கதிரவன்:
அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலுள்ள நாஷ்வில் நகரப் பொது வானொலியின் ‘தி பிராமிஸ்’ பாட்காஸ்ட் தொடரைக் கேட்டு முடித்தேன். முதல் பருவம், கேஸி ஹோம்ஸ் என்ற, ஏழைகளுக்கான அரசுக் குடியிருப்பை இடித்துப் பல வருமானத்தாரும் சேர்ந்து வாழும் பகுதியாக்கும் திட்டம் பற்றியது. இரண்டாவது, அதே கிழக்கு நாஷ்வில்லில் ஏறக்குறைய ஒரு மைல் இடைவெளியில் உள்ள இரண்டு தொடக்கப் பள்ளிகள். வார்னரில் பெரும்பாலும் ஏழைக் கறுப்பினக் குழந்தைகள். லாக்லாண்டில் பெரும்பாலும் வசதியான வெள்ளைக் குழந்தைகள். அருமையான உழைப்பு. ஆனால் இந்தப் பிரிவினைக்குப் பிள்ளைக்கு நல்ல பள்ளி தேடிய பெற்றோர் ஏன் பதில் சொல்ல வேண்டும்?

மீனாட்சி:
வேறு யார் சொல்வது? பல அமெரிக்க நகரங்களில் புறநகர்ப் பள்ளிகளுக்குத் தனி நிர்வாகம் என்று கைகழுவிவிடலாம். நாஷ்வில்லில் அது முடியாது. 1963இலேயே நகரமும் அதைச் சுற்றியுள்ள டேவிட்சன் கவுண்டியும் (நம்மூர் மாவட்டம் போன்றது) ஒரே நிர்வாகமாகிவிட்டன. இரண்டு பள்ளிகளும் ஒரே நிர்வாகத்தின் கீழ்தான் இருக்கின்றன. வசதியுள்ள பெற்றோர் சங்கம் திரட்டும் நிதி மட்டும் அதன் பள்ளி வாசலைத் தாண்டுவதில்லை.

கதிரவன்:
கறுப்பின, வெள்ளைப் பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்க்கக் கட்டாயப்படுத்திப் பார்த்தார்களே! 1971இல் நீதிமன்ற ஆணைப்படி பிள்ளைகளைப் பஸ்ஸில் வேறு பகுதிப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். வெள்ளைக் குடும்பங்கள் பல தனியார் பள்ளிக்கும் பக்கத்துக் கவுண்டிக்கும் போய்விட்டன. நீண்ட பயணத்தின் சுமை பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகள் தலையில்தான் விழுந்தது. குடியிருப்பைச் சரிசெய்யுங்கள், பள்ளி தானாகச் சரியாகும்.

சுந்தரம்:
தானாகவா? 1957இல் வெள்ளையர் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்க்க ‘ஆண்டுக்கு ஒரு வகுப்பு’ என்று முதல் வகுப்பை மட்டும் திறந்தார்கள். ஹாட்டி காட்டன் பள்ளியில் சேர்ந்தது ஒரே ஒரு கறுப்பினச் சிறுமி. அன்று நள்ளிரவு கடந்ததும் அங்கே குண்டு வெடித்தது. அந்த நகரத்தில் தானாக எது நடந்தது, சொல்லுங்கள். 1998இல் பள்ளிகளின் இனப் பிரிவினைக்கு எதிரான வழக்கு முடிந்து நீதிமன்றக் கண்காணிப்பு விலகியதும், பள்ளிகள் மறுபடி அக்கம்பக்கத்துக் குடியிருப்பின் சாயலுக்கே திரும்பின.

கதிரவன்:
நான் சொல்வதும் அதுதானே? குடியிருப்பு கலந்தால் பள்ளியும் கலக்கும்.

மீனாட்சி:
கேஸியில் புதிதாக வாடகைக்கு வரும் வசதியானவர், தன் பகுதிப் பள்ளியை விட்டு, விரும்பிய வேறு பள்ளியில் இடம் தரும் குலுக்கலில் விண்ணப்பம் போட்டுவிட்டுப் போய்விடுவார். ஒரே மாடிப்படியில் ஏறுகிறவர்களின் பிள்ளைகள் வெவ்வேறு பள்ளிக்குப் போவார்கள். அந்த விதியை மாற்றாமல் கட்டடத்தை மட்டும் மாற்றி என்ன பயன்?

கதிரவன்:
விதியை மாற்ற வேண்டியது பள்ளி வாரியம். அவர்களைக் கேளுங்கள், பெற்றோரை விடுங்கள்.

சுந்தரம்:
வாரிய உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பது வாக்காளர்கள் ஐயா. அந்தப் பெற்றோரும் வாக்காளர்கள்தான்.